பட்டியல் ஒன்று சொல்கிறது, கணினி வேறொன்று சொல்கிறது

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 140 கணினிகளும் 6 சர்வர்களும் இருக்கின்றன. விவரமெல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்டில் உண்டு. ஆனால் அதை நம்பி எதையும் செய்ய முடிவதில்லை. போன மாதம் ஒரு சர்வரில் யாரோ எதையோ மாற்றி, பில்லிங் மென்பொருள் அரை நாள் நின்றுபோனது. மாற்றியது யார் என்று இன்னும் தெரியவில்லை. சி.எம்.டி.பி. மென்பொருள் (எந்தக் கருவி எதோடு இணைந்திருக்கிறது, எதை நம்பி எது ஓடுகிறது என்று பதிந்துவைக்கும் தரவுத்தளம்) வாங்கினால் இது தீருமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். எக்ஸெலில் எழுதாதவர்கள் புது மென்பொருளிலும் எழுத மாட்டார்கள்.

உங்களுக்கு இருப்பது இரண்டு சிக்கல்கள். பட்டியல் பழசாகிவிட்டது, அது ஒன்று. சர்வரில் நடக்கும் மாற்றங்களுக்குப் பதிவே இல்லை, அது இன்னொன்று. இரண்டாவதுதான் அவசரம். அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். 8 சர்வர்களில் போட வேண்டிய புதிய நிரலை 7-இல் மட்டும் போட்டார்கள். எட்டாவதில் பழைய நிரல் அப்படியே கிடந்தது. சந்தை திறந்த 45 நிமிடங்களில் தவறான ஆர்டர்கள் குவிந்து, நஷ்டம் 44 கோடி டாலரைத் தாண்டியது. போட்டவரின் வேலையை இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. எட்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று யாராவது ஒப்பிட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஆகவே 140 கணினிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த 6 சர்வர்கள். எல்லோரும் ஒரே ‘அட்மின்’ பாஸ்வேர்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் ‘யார் மாற்றினார்கள்’ என்ற கேள்விக்கு எந்த லாகிலும் (சர்வர் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு) விடை கிடைக்காது. ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். சர்வர்களின் கடிகாரங்களும் ஒன்றாக ஓட வேண்டும். இல்லையென்றால் லாகுகளை வரிசைப்படுத்துவதே பெரும்பாடு.

அடுத்து, கான்ஃபிகரேஷன் கோப்புகளை, அதாவது சர்வரின் அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்புகளை, கிட்டில் (Git, கோப்பில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைக்கும் மென்பொருள்) வையுங்கள் (பாஸ்வேர்டுகளை அதில் போடாதீர்கள்). ‘இப்படி இருக்க வேண்டும்’ என்பது அங்கே இருக்கும். சர்வரில் இப்போது இருப்பதோடு அதைத் தினமும் ஒரு ஸ்க்ரிப்ட் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் மெயிலில் அனுப்பட்டும். ஆன்சிபிள் (பல சர்வர்களின் அமைப்பை ஒரே இடத்திலிருந்து கையாளும் கருவி) தெரிந்தவர் இருந்தால், எதையும் மாற்றாமல் சோதனை மட்டும் செய்யும் வசதி அதிலேயே உண்டு. தானாகப் பழைய நிலைக்குத் திருப்பும் ஏற்பாட்டை முதல் சில வாரங்களுக்குத் தொடாதீர்கள். நள்ளிரவில் ஒருவர் அவசரத்துக்குச் செய்த சரியான திருத்தத்தை அது காலையில் அழித்துவிடும். அவசர மாற்றங்களைத் தடுக்க வேண்டாம். செய்ததை மறுநாளுக்குள் எழுதினால் போதும். என்ன, ஏன், பிரச்சினை வந்தால் எப்படித் திரும்புவது என்று மூன்றே வரி.

இனி பட்டியல். கணினி தானே சொல்லக்கூடியதை மனிதரை டைப் செய்யச் சொல்லாதீர்கள். ஓ.சி.எஸ். இன்வென்டரி, ஜி.எல்.பி.ஐ. போன்ற திறமூல மென்பொருள்கள் ரேம், டிஸ்க், நிறுவிய மென்பொருள் எல்லாவற்றையும் ஏஜென்ட் (ஒவ்வொரு கணினியிலும் நிறுவும் சிறு நிரல்) வழியாகத் தாமே சேகரிக்கும். யாரிடம் இருக்கிறது, எப்போது வாங்கியது, வாரன்டி எதுவரை என்பவற்றை மட்டும் நீங்கள் எழுதுங்கள். ஒருமுறை நானே 60-க்கும் மேற்பட்ட நெடுவரிசைகளோடு (column) ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். நிரம்பியது ஒன்பதோ பத்தோதான். யாரும் கேட்காத விவரத்தை யாரும் நிரப்ப மாட்டார்கள்.

ஒரு சின்ன விஷயம், பலரும் இதில் சறுக்குகிறார்கள். கணினியை அடையாளம் காண எதை வைத்துக்கொள்வது? உதிரி பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கணினிகள் பலவற்றில் சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ‘உற்பத்தியாளர் நிரப்ப வேண்டியது’ என்ற வாசகமே நிற்கும். லேப்டாப்பை டாக்கில் (மேசையில் வைக்கும் இணைப்புப் பெட்டி) செருகினால் வேறு மேக் முகவரி (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) தெரியும். விண்டோஸை மறுபடி நிறுவினால் கணினியின் பெயர் மாறலாம். அதனால் ஒரு எண் அச்சிட்ட ஸ்டிக்கரை நீங்களே ஒட்டி, அதையே சாவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவிய மென்பொருள் பட்டியலுக்கும் ஓர் எல்லை உண்டு. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தின் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பலருக்கும் அது புரிந்தது. அந்த நூலகம் வேறு மென்பொருள்களின் வயிற்றுக்குள் இருந்ததால் பட்டியலில் அதன் பெயரே வரவில்லை. டிஸ்க்கில் கோப்பு கோப்பாகத் தேட வேண்டியிருந்தது. ஆனால் ‘விண்டோஸ் 10 இன்னும் எத்தனை கணினிகளில் ஓடுகிறது’ என்ற கேள்விக்கு உங்கள் பட்டியல் ஒரு நிமிடத்தில் விடை சொல்லியாக வேண்டும். அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது.

சரி, சி.எம்.டி.பி. எப்போது? ‘இந்த நெட்வொர்க் ஸ்விட்ச் நின்றால் எந்தெந்த வேலை நிற்கும்’ என்ற கேள்விக்கு ஒரு தாளில் வரைந்து விடை சொல்ல முடியாதபோது. 6 சர்வர்களுக்கு ஒரு தாளே தாராளம்.

அதுவரை மாதம் ஒருமுறை குருட்டாம்போக்கில் பத்து கணினிகளைத் தேர்ந்தெடுத்து, நேரில் போய்ப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பத்தில் எத்தனை பொருந்தின என்பதை எழுதிவையுங்கள். அந்த எண் மூன்று மாதமும் ஏறவில்லை என்றால் குறை மென்பொருளில் இல்லை. பழைய லேப்டாப்பை இன்னொருவருக்குக் கைமாற்றும்போது பதிவு செய்ய வேண்டியவர் யார் என்று முடிவாகவில்லை என்று அர்த்தம்.