மருந்தடிக்கும் வேலையும் விந்தணுக் குறைவும்

கேள்வி: எனக்கு வயது 32. திருமணமாகி 3 ஆண்டுகள் ஆகின்றன. கத்தரி, தக்காளித் தோட்டங்களுக்குக் கூலிக்கு மருந்தடிக்கிறேன். விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிக்கு 90 லட்சம் அணுக்கள்தான் என்று வந்திருக்கிறது. மருந்துதான் காரணமா? வேலையை விட முடியாத நிலை.

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம். உங்களுக்குக் குறைவுதான். ஆனால் ஒரே பரிசோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது. முந்தைய 3 மாதங்களில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தாலே எண்ணிக்கை சரியும்.

மருந்துக்குப் பங்கு இருக்கலாம். 1977-ல் கலிபோர்னியாவின் லேத்ராப் நகரில், டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி தயாரித்த ஆலையில் பல ஆண்களுக்கு விந்தணுவே இல்லை என்று தெரியவந்தது. தங்களில் யாருக்கும் பிள்ளை பிறப்பதில்லையே என்று தொழிலாளர்களே பேசிக்கொண்டதில்தான் சந்தேகம் எழுந்தது. குறைந்த காலம் வேலை செய்தவர்கள் பலர் மீண்டார்கள். நீண்ட காலம் இருந்தவர்களில் சிலர் மீளவே இல்லை. இன்று நீங்கள் அடிப்பது அந்த மருந்தல்ல. இருந்தாலும் குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளைக் கையாள்வோரிடம் அணுக்களின் எண்ணிக்கையும் அசைவும் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கார்பன்டசிம் பூஞ்சாணக்கொல்லி உடனே ஆளைச் சாய்க்காது; ஆனால் எலிகளின் விரைகளில் அணு உற்பத்தியைக் கெடுக்கிறது. டப்பாவில் உள்ள நிற முக்கோணம் உயிருக்கு உடனடியாக எவ்வளவு ஆபத்து என்பதை மட்டுமே காட்டும். பச்சைதானே, ஆபத்து குறைவு என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

முகத்தில் துண்டைக் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கைத்தெளிப்பானில் அடிப்பவருக்கு மருந்து பெரும்பாலும் தோல் வழியாகவே இறங்குகிறது. பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்துச் செய்த சோதனையில், விரைப்பைத் தோல் முன்கைத் தோலைவிட ஏறக்குறைய 12 மடங்கு உறிஞ்சியது. உங்கள் டேங்க்கைப் பாருங்கள்: மூடியின் வாசர் தேய்ந்திருந்தால், நடக்க நடக்கத் தளும்பி முதுகில் வழிந்து, இடுப்புத் துணி நனைந்து, நேராக உள்ளாடைக்குப் போகும். வெறும் தண்ணீர் நிரப்பிப் பத்தடி குனிந்து நடந்து பாருங்கள். சட்டை நனைந்தால் வாசரை மாற்றாமல் மருந்து ஊற்றாதீர்கள். முதுகுக்கும் டேங்க்குக்கும் நடுவே பாலித்தீன் தாளைக் கட்டுங்கள். லுங்கியை மடித்துக் கட்டி அடிக்க வேண்டாம். முழுக்கால் பேன்ட் போட்டு, அதை ரப்பர் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள்.

மருந்து கலக்கும் நேரமே மிக மோசமானது, அப்போது அது நீர்க்காத மருந்து. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை அவசியம். சிறுநீர் கழிக்கப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கழித்த பிறகு மட்டும் கழுவினால் பயனில்லை. வேலை முடிந்ததும் குளியுங்கள். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள். துவைப்பவரும் கையுறை போட வேண்டும்.

ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்கள், வெளிவர மேலும் 2 வாரம் ஆகும். அதனால் இன்று மாற்றியதன் பலன் 3 மாதம் கழித்தே தெரியும். முடிந்தால் அதுவரை அறுவடை, களை வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள். பிறகு 2 முதல் 7 நாள் உறவு தவிர்த்து, அதே ஆய்வகத்தில் மறுபடி பரிசோதியுங்கள்.

மூன்று மாதமும் சும்மா காத்திருக்க வேண்டாம். வெரிகோசீல் (விரைப்பையின் ரத்தக் குழாய்கள் புடைத்திருப்பது) இருக்கிறதா என்று யூராலஜி மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் எஃப்எஸ்எச் (அணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) அளவும் பாருங்கள். மனைவிக்கும் இப்போதே பரிசோதனை தொடங்கட்டும். அணு ஏறும் என்று யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட அழைத்தால் போகாதீர்கள். அது விரைக்கு மூளை அனுப்பும் உத்தரவையே நிறுத்தி, இருக்கிற 90 லட்சத்தையும் பூஜ்யமாக்கிவிடலாம்.