உதவிக் கருவிகளை உருவாக்கப் பயோமெடிக்கல்தான் படிக்க வேண்டுமா?

மதிப்புக்குரிய ஐயா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், கழுத்துக்குக் கீழே அசைவில்லாத தன் சித்தப்பாவைப் பார்த்து வளர்ந்தவர் என்றும், அவரைப் போன்றவர்கள் பிறர் கையை எதிர்பாராமல் வாழ உதவும் கருவிகளை உருவாக்குவதே தன் வேலை என்று உறுதியாக இருக்கிறார் என்றும், பொறியியல் கலந்தாய்வில் பயோமெடிக்கலைத் தவிர வேறெந்தப் பிரிவையும் கேட்கப் போவதில்லை என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். "இதில் பிழைப்புக்கு வழி உண்டா?" என்ற உங்கள் கவலைக்கும் அவருடைய பிடிவாதத்துக்கும் ஒரே பதில்தான் இருக்கிறது.

இந்தத் துறைக்கு ஒற்றை வாசல் கிடையாது. சென்னை ஐஐடியில் மறுவாழ்வுக் கருவிகளுக்கான டிடிகே ஆய்வு மையத்தை வழிநடத்தும் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் மெக்கானிக்கல் துறையைச் சேர்ந்தவர். அமர்ந்திருப்பவரை நிற்கும் நிலைக்குக் கொண்டுவரும் 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019இலும், 'கதம்' என்ற செயற்கை முழங்கால் மூட்டு 2022இலும் அந்த மையத்தின் உழைப்பில் வெளிவந்தவை. பேச இயலாத குழந்தைகள் படங்களைத் தொட்டுத் தம் தேவையைச் சொல்ல உதவும் 'ஆவாஸ்' கருவியைச் சென்னையில் உருவாக்கிய அஜித் நாராயணன் படித்தது எலக்ட்ரிக்கல். ஆகவே மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆகியவற்றுள் மகளுக்குக் கைவரும் ஒன்றை நல்ல கல்லூரியில் எடுப்பது, பெயருக்காகச் சுமாரான கல்லூரியில் பயோமெடிக்கல் எடுப்பதைவிட மேல் என்பது என் கருத்து.

வேலையின் தன்மை விளங்க ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தலையை மட்டும் அசைக்க முடிந்த ஒருவர் தட்டச்சு செய்யும் முறை இது: திரையில் எழுத்துக் கட்டங்களின் வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும், வேண்டிய வரிசை வந்ததும் அவர் தலையைச் சாய்த்துக் கன்னத்தருகே பொருத்திய சுவிட்சை அழுத்துவார், பிறகு அந்த வரிசைக்குள் எழுத்துகள் ஒளிரும், மறுபடி அழுத்தினால் ஓர் எழுத்து பதியும். 'தண்ணீர்' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கோ அது த, ண, புள்ளி, ண, ஈகாரக் குறி, ர, புள்ளி என ஏழு குறிகள். ஒரு குறியைப் பிடிக்க 7 நொடி என்று வைத்தால், தாகத்தைச் சொல்லவே 49 நொடி ஆகிவிடும். ஆங்கிலத்துக்கென்று செய்த பலகையில் தமிழ் எழுத்துகளை நிரப்பிவிட்டால் இந்தச் சிக்கல் தீராது. அடிக்கடி வரும் எழுத்துகளை முன்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும்; 'த' என்றதுமே 'தண்ணீர்' என்ற சொல் எதிரே நிற்க வேண்டும். இதற்கு நிரல் எழுதுபவர் வேண்டும், சுவிட்சைத் தாங்கும் கம்பியைச் செய்பவர் வேண்டும், மாலையில் களைத்துத் தலை ஒரு பக்கம் சரியும்போது அந்த சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்று அறிந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் (அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) வேண்டும்.

நான் வழிகாட்டிய மாணவர் குழு ஒன்று, தலையசைவில் ஓடும் சக்கர நாற்காலியை இறுதியாண்டுத் திட்டமாகச் செய்து பரிசும் பெற்றது. சோதனைகளில் அதில் அமர்ந்தவர்கள் எல்லாரும் அவர்களுடைய வகுப்புத் தோழர்கள். மூளை முடக்குவாதம் உள்ள ஓர் இளைஞர் முதன்முறை அமர்ந்தபோது, அவருடைய தலை தானாக வெட்டி வெட்டி அசைந்ததை எல்லாம் கட்டளையாக எடுத்துக்கொண்டு நாற்காலி சுவரில் போய் முட்டியது. கருவி இப்போது ஆய்வகத்தில் தூசி படிந்து கிடக்கிறது. அந்த இளைஞரை முதல் மாதமே அழைத்து வாருங்கள் என்று நான் வற்புறுத்தாமல் விட்டதும் தவறுதான்.

உங்கள் மகள் முதல் குரூப்பில் உயிரியலும் படிப்பதால் இன்னொரு பாதையும் திறந்திருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபியும், செயற்கைக் கை, கால்களையும் பலவீனமான உறுப்பைத் தாங்கும் கருவிகளையும் செய்து பொருத்தக் கற்றுத்தரும் படிப்பும் வேலூர் சிஎம்சியிலும், கட்டாக் அருகே ஓலட்பூரிலும் கொல்கத்தாவிலும் உள்ள மத்திய அரசின் தேசிய நிறுவனங்களிலும் உண்டு. கருவியைவிட மனிதரோடு பழகுவது பிடிக்கும் என்றால் இதுவே பொருத்தம்.

வருமானத்தைப் பொறுத்தவரை ஒளிக்க எதுவுமில்லை. 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஓர் உதவிக் கருவி தேவை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் கணித்துள்ளன. ஆயினும் தேவைப்படுவோரில் பலரிடம் வாங்கும் வசதி இல்லாததால், நம் நாட்டில் இத்துறை நிறுவனங்கள் இன்னும் சிறியவையாகவே இருக்கின்றன. முதல் வேலை மருத்துவக் கருவி நிறுவனத்திலோ மென்பொருள் நிறுவனத்திலோ அமையலாம். அடிப்படைப் பிரிவு ஒன்றை எடுக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

விருப்பப் பட்டியலை நிரப்ப இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள், சித்தப்பாவின் சம்மதத்தோடு, அவர் ஒரு முழு நாளில் எந்தெந்த வேலைக்கு, எத்தனை முறை பிறரை அழைக்கிறார், அழைத்தபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை மகள் ஒரு நோட்டில் குறிக்கட்டும். அவற்றுள் எதை முதலில் தானே செய்ய விரும்புகிறார் என்று அவரையே கேட்டு எழுதிக்கொண்டு, அந்த நோட்டுடன் என்னைப் பார்க்க வரச் சொல்லுங்கள்.