மறைக்கும் அவஸ்தையில்தான் சிரிப்பு: நாடகக் கேள்வி பதில்

குடும்ப ரகசியத்தையும் வெளிக்கௌரவத்தையும் வைத்து அரைமணி நேர நகைச்சுவை எழுதும் இலங்கை மலையக வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். மேடைக்கு எழுதுபவர்களும் யூடியூப்புக்குப் படம் பிடிப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்வது எங்கள் நாடகக் குழு.

கேள்வி (தலவாக்கலை வாசகி): தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) நடக்கும் 22 நிமிட நாடகம் ஒன்று எழுதினேன், பிரதியை இணைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா தன் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்துவிட்டுக் கவரிங் போட்டிருக்கிறார். அப்பாவுக்குத் தெரியாது. கடைசிக் காட்சியில் உண்மை வெளியாகி எல்லோரும் அதிர்ந்து போகிறார்கள். வாசித்துக் காட்டினால் இழுக்கிறது என்கிறார்கள், யாருமே சிரிக்கவில்லையே?

பதில்: பார்க்கிறவர்களுக்கும் கடைசியில்தானே சொல்கிறீர்கள், பிறகு எதற்குச் சிரிப்பார்கள்? அதிர்ச்சி ஐந்து நொடியில் தீர்ந்துவிடும். அதற்காக இருபது நிமிடம் அவர்களை இருட்டில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அடகு விஷயத்தை இரண்டாவது நிமிடத்திலேயே சபைக்குக் காட்டிவிடுங்கள். அம்மா அடகுத் துண்டை (அடகுக்கடை ரசீதை) நாலாக மடித்து ஆத்தாவின், அதாவது பாட்டியின், வெற்றிலைப் பைக்குள் செருகுகிறார், அவ்வளவு போதும். அதற்குப் பிறகு யாராவது அம்மாவின் கழுத்தைப் பார்த்தாலே சபையில் சிரிப்பு கிளம்பும்.

அடுத்து ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: யாருக்குத் தெரியும், யாருக்குச் சந்தேகம், யாருக்குத் தெரியாது. ஒவ்வொரு காட்சி முடியும்போதும் ஒரு பெயராவது ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்க வேண்டும். மாறாத காட்சியை வெட்டுங்கள், எவ்வளவு நல்ல வசனம் இருந்தாலும். உங்கள் பிரதியில் நாலாம் காட்சி முதல் ஏழாம் காட்சி வரை ஒரு பெயரும் அசையவில்லை. இழுக்கிறது என்று கேட்டவர்கள் சொன்னது அந்த இடமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது விஷயம், அம்மா ஏன் அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடக்கூடாது? இந்தக் கேள்வி சபைக்குக் கட்டாயம் வரும். ‘பயம்’ என்றால் போதாது. நல்ல காரணம் உங்கள் கதை நடக்கும் இடத்திலேயே இருக்கிறது. பல பழைய லயங்களில் காம்பரா என்கிற அறைக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவர் கூரை வரை எட்டாது. அடுப்படியில் குசுகுசுத்தால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும், இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் கேட்கும். ஆகவே அம்மா சொல்ல முயல வேண்டும், முடியாமல் போக வேண்டும். அடகுக்கடை இருப்பது ஹட்டன் டவுனில் என்று வைப்போம். பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே சொல்கிறார், அப்பாவுக்குப் பாதிதான் விழுகிறது:

“சங்கிலி ஹட்டன்ல இருக்குங்க.”

“சங்கிலியா? அவன் நம்ம மேட்டு லயத்து பையன், ஹட்டனுக்கு எதுக்குப் போனான்?”

இப்படி அப்பா தவறாகப் புரிந்துகொண்டால் அடுத்த மூன்று நிமிடத்துக்கு உங்களுக்குச் சரக்கு கிடைத்துவிடும். சங்கிலி என்ற பெயரில் ஒரு பையன் இருப்பதை முதல் காட்சியிலேயே ஒரு தடவை சொல்லி வையுங்கள். சொல்லி வைக்காவிட்டால் அந்த இடத்தில் யாருக்கும் விளங்காது.

அப்பாவுக்கும் ஒரு ரகசியம் கொடுங்கள். அதே சங்கிலியை மகளுக்குப் போடுவதாகத் தரகரிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார். இப்போது இரண்டு பொய்யும் ஒரே பொருளில் முட்டுகின்றன. ஒரு பொய் மட்டும் இருந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது.

முடிவு பற்றி ஒரு வார்த்தை. சம்பந்தியம்மா போட்டிருப்பதும் கவரிங்தான் என்று தெரியவரும் முடிவு எல்லோர் தலையிலும் முதலில் உதிப்பது. அதை விடுங்கள். மாப்பிள்ளையின் மாமா அடகுக்கடை வாசலில் காவல் வேலை செய்கிறவர், அம்மாவை அங்கே பார்த்தவர் என்று வைத்தால்? அவர் நல்ல மனுசன், காட்டிக்கொடுக்க மாட்டார். “அக்காவ நான் பாத்ததே இல்லீங்க, ஹட்டன்ல பாத்ததே இல்ல” என்று யாரும் கேட்காமலே சத்தியம் செய்கிறார். உதவப் போய் அவரே குட்டை உடைக்கிறார். உண்மை வெளியான பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். அழுகை, அறிவுரை, அப்பாவின் மன்னிப்பு மூன்றும் உங்கள் பிரதியில் இருக்கின்றன. மூன்றையும் எடுத்துவிடலாம்.

கேள்வி (பதுளை வாசகர்): 22 நிமிடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? எத்தனை பக்கம் எழுத வேண்டும்?

பதில்: அமெரிக்கத் தொலைக்காட்சியின் அரைமணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 22 நிமிடம். யூடியூப்பில் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, 15 நிமிடத்தில் முடிந்தால் முடியட்டும். பக்கக் கணக்கை நம்பாதீர்கள். கையெழுத்துக்குக் கையெழுத்து அது மாறும். நடிகர்களை வட்டமாக உட்கார வைத்து, கைத்தொலைபேசியில் நேரம் வைத்து, வேகமாக வாசிக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து வாசிக்க 17 நிமிடம் எடுத்தால் நடை, சிரிப்பு, தேத்தண்ணி ஊற்றுவது எல்லாம் சேர்ந்து மேடையில் 22 ஆகிவிடும்.

கேள்வி (கொட்டகலை, பாடசாலை நாடகப் பொறுப்பாசிரியை): லயத்து வீட்டை மேடையில் காட்ட வேண்டும். மேடை 24 அடி அகலம். ஒருவர் ஒளிய, இன்னொருவர் நுழையும் காட்சிகள் நிறைய. ஒத்திகையில் பிள்ளைகள் முட்டிக்கொள்கிறார்கள்.

பதில்: பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவை அதே அளவில் நடுவில் வையுங்கள். பன்னிரண்டு அடிப் பக்கம் சபையை நோக்கட்டும். சபைக்கு இடது கைப்பக்கம் ஆறு அடி இஸ்தோப்பு, வலது பக்கம் ஆறு அடி அடுப்படி. நடுவே முழுச்சுவர் வேண்டாம். மூன்று அடி உயரச் சட்டத்தில் சாக்கு அடித்துச் சுண்ணாம்பு பூசினால் சுவர் என்று சபை ஒத்துக்கொள்ளும், அடுப்படியில் ஒளிந்திருப்பவரின் முகமும் தெரியும். ஒளிகிறவரின் முகம் தெரியாவிட்டால் அந்தக் காட்சியில் பாதி போய்விட்டது.

முட்டிக்கொள்வதற்குக் காரணம் வாசல்தான். மேடைக் கதவின் கீல் சபைக்குத் தூரமான பக்கத்தில் இருக்க வேண்டும், கதவு மேடைக்கு வெளியே திறக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வருகிறவரைக் கதவுப் பலகை மறைக்காது. தட்டிச்சுவரில் கதவைப் பொருத்தினால் ஒவ்வொரு முறை சாத்தும்போதும் முழுச்சுவரும் ஆடும், சபை அதற்குத்தான் சிரிக்கும். பின்னால் சாய்வுக்கட்டை கொடுத்து, அதன் அடியில் மண் நிரப்பிய பத்துக் கிலோ சாக்கு ஒன்றை வையுங்கள். அடுப்படிப் பக்கம் கதவே வேண்டாம், துணித்திரை போதும். லயத்தில் இருப்பதும் அதுதானே.

இரவல் பொருட்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றும் எந்த வீட்டுடையது என்று எழுதி வையுங்கள். பூப்போட்ட கண்ணாடிக் கோப்பை, பிளாஸ்டிக் கதிரை, மேசைத் துணி, சாமிப் படத்துக்கு மின்விளக்கு மாலை. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து, “அத்த, எங்க கதிரய அம்மா கேக்குறாங்க” என்று நிற்கும் காட்சியை ஒரு தடவை வைத்தால் புன்னகை. இரண்டாவது தடவை கோப்பையைக் கேட்டால் சிரிப்பு. மூன்றாவது தடவை அந்தப் பிள்ளை ஒன்றும் கேட்காமல் வாசலில் வந்து நின்றாலே போதும், வீட்டார் தாங்களாகவே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கத் தொடங்கட்டும். நாலாவது தடவை வேண்டாம்.

கேள்வி (ராகலை வாசகர்): என் கதையில் 52 வயதுத் தாத்தா தோட்டத்தில் ஓய்வு பெறுகிறார். இ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசோலையைத் தபால்காரர் கொண்டுவந்து தருகிறார். தாத்தா அதை வீட்டுக்கு மறைக்கிறார். நன்றாக இருக்கிறதா?

பதில்: கரு நன்று, விவரம் பிழை. உங்கள் சபையில் பாதிப்பேருக்கு இந்த விதிகள் அத்துப்படி, பிழை கண்டதும் கதையை விட்டுவிட்டு அதைப் பேசத் தொடங்குவார்கள். வயது வந்து சேமலாப நிதியை எடுப்பது ஆணுக்கு 55இல், பெண்ணுக்கு 50இல். ஆகவே தாத்தாவுக்கு வயதைக் கூட்டுங்கள், அல்லது அவரைப் பாட்டியாக்குங்கள். பாட்டியாக்குவது நல்லது என்பது எங்கள் எண்ணம். கொழுந்து பறித்துச் சேர்ந்த காசைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் ஆத்தா, ஒளித்து வைக்கும் தாத்தாவைவிடப் புதிது.

நிதியைக் கேட்கும் விண்ணப்பமான கே (K) படிவத்தைத் தொழில் திணைக்களத்தில் கொடுத்தால் பணம் வங்கிக் கணக்குக்கே போய்விடும். எனவே மறைக்க வேண்டியது காசோலையை அல்ல, வங்கிப் புத்தகத்தை. ஆத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது என்று வைத்தால், மீதி எவ்வளவு என்று அறிய யாராவது ஒருவரை நம்பித்தான் ஆக வேண்டும். யாரை நம்புகிறார் என்பதிலிருந்து கதை கிளம்பும்.

கடிதம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. பல தோட்டங்களில் லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது, கடிதம் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வரும். உறை வீட்டுக்கு வந்து சேருமுன் நாலு கை மாறும். ஒவ்வொரு கையும் உறையின் வெளிப்பக்கத்தை மட்டும் வாசித்து ஒரு கதை கட்டட்டும். கடிதம் வீட்டுக்கு வரும்போது ஆத்தா கோடீஸ்வரியாகிவிட்டிருப்பார். தீபாவளி அட்வான்ஸும் நல்ல சரக்கு. இன்று கைக்கு வரும், பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழியும். பக்கத்து வீட்டுக்குப் போட்டியாகப் பெரிய டீவி எடுத்தவர், அடுத்த சம்பளத் துண்டை மனைவியிடம் காட்டாமல் எத்தனை வழியில் தப்புவார் என்று மட்டும் எழுதினாலே ஒரு அங்கம் நிரம்பும்.

கேள்வி (பொகவந்தலாவை இளைஞர் குழு): கைத்தொலைபேசியில் படம் பிடிக்கிறோம். வீட்டுக்குள் எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது. வசனமும் கேட்பதில்லை.

பதில்: கோடு ஓடுவது மின்விளக்கின் துடிப்பால். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே பல்பு விநாடிக்கு 100 தடவை மங்கி எழும். உங்கள் கருவி பெரும்பாலும் விநாடிக்கு 30 படம் என்று வைக்கப்பட்டிருக்கும். அதை 25 ஆக்கி, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 இல் நிறுத்துங்கள். தானியங்கியில் விட்டால் யாராவது ஜன்னலோரம் நகர்ந்ததும் மறுபடி மாறிவிடும். சில மலிவான எல்.ஈ.டீ. பல்புகளில் அதற்குப் பிறகும் கோடு நிற்கும். பல்பைத்தான் மாற்ற வேண்டும்.

காம்பராவுக்குள் கருவியோடு நுழையாதீர்கள், இடம் போதாது. அகல வில்லை போட்டால் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபடும். இஸ்தோப்பில் நின்று வாசல் வழியாக எடுங்கள். வாசல் நிலையே சட்டமாகி, எட்டிப்பார்க்கும் அயல்வீட்டுப் பார்வை தானாக வந்துவிடும், இந்த மாதிரிக் கதைக்கு அது பொருத்தம். ஒலிக்கு இரண்டாவது தொலைபேசியை நடிகர் அருகில், மேசைத் துணிக்கு அடியில் வைத்துத் தனியே பதியுங்கள். ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் பிறகு இரண்டையும் பொருத்துவது எளிது.

தகரத்தில் மழை விழுந்தால் எந்த ஒலிவாங்கியும் காப்பாற்றாது. உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை. உள்வீட்டு வசனக் காட்சிகளை ஜனவரி, பெப்ரவரியில் எடுத்துவிடுவது புத்தி. மார்ச், ஏப்ரலில் காலையில் எடுங்கள், பின்னேரம் இடி மழை வரும். மழை வந்தேவிட்டால் வசனமில்லாத காட்சியை எடுக்கலாம். ஒழுகும் இடத்துக்குச் சட்டி வைத்து, அதன் மேல் இரவல் மேசைத் துணியை விரித்து, விருந்தாளிக்குத் தெரியாமல் மறைக்கும் வேலைக்கு வசனம் எதற்கு?

கேள்வி (மஸ்கெலியா வாசகி): பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். 1950களில் அமெரிக்க ஒலிப் பொறியியலாளர் சார்ள்ஸ் டக்ளஸ் அதற்கென்று ஒரு பெட்டியே செய்தார், அங்கே பல ஆண்டு ஓடியது. யூடியூப்பில் தனியாகப் பார்க்கிறவருக்கு அது எரிச்சல். மேடையில் நிஜச் சிரிப்பு வந்தால் நடிகர் அடுத்த வசனத்தை உடனே சொல்லக் கூடாது. சிரிப்பு உச்சத்துக்குப் போய்ப் பாதியாக இறங்கும்போது பேச வேண்டும். முழுவதும் அடங்கும்வரை காத்தால் வேகம் செத்துவிடும்.

கேள்வி (ஹப்புத்தளை வாசகர்): குடித்துவிட்டு வரும் கணவன், கொச்சையாகப் பேசும் கிழவி இருவரையும் வைத்தால் உறுதியாகச் சிரிக்கிறார்கள். ஆனால் எங்கள் மக்களைக் கேலி செய்வதாகச் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்கள் சொல்வது சரி. இல்லாமையைக் காட்டிச் சிரிக்க வைப்பது சுலபம். தோட்டத்து நாடகத்தில் அது பழசும் ஆகிவிட்டது. ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தக் கிழவியின் பேச்சை அப்படியே ஒரு கண்டக்டரின் (தோட்ட வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தரின்) மனைவி வாயில் வையுங்கள். அப்போது சிரிப்பு வராவிட்டால், வசனத்தில் ஒன்றும் இல்லை, ஆளைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள். பிறகு கண்டக்டர் வீட்டையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். கௌரவத்துக்குப் பயந்து மறைக்கிறவர்கள் லயத்தில் மட்டுமா இருக்கிறார்கள்? உத்தியோகத்தர் குவாட்டர்ஸில் இன்னும் அதிகம்.

கேள்வி (லிந்துலை வாசகர்): என் நாடகத்திலும் ஒரு அடகுத் துண்டு வருகிறது, கடைசி வரிசைக்குத் தெரிவதில்லை. பெரிதாகச் செய்தால் பொய்யாகத் தெரிகிறதே?

பதில்: பெரிதாக்க வேண்டாம், நிறத்தை மாற்றுங்கள். மேடையில் வேறு எதிலும் இல்லாத ஒரு நிறம், கடும் மஞ்சள் என்றால் தூரத்துக்கும் தெரியும். நடிகர் அதை இடுப்பளவில் பிடிக்காமல் நெஞ்சுக்கு நேரே பிடித்து, இரண்டு நொடி அசையாமல் நின்று, பிறகு மடிக்க வேண்டும். முதல் தடவை அப்படிக் காட்டிவிட்டால், பிறகு பைக்குள்ளிருந்து மஞ்சள் ஓரம் எட்டிப் பார்த்தாலும் போதும். ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் அந்தத் துண்டில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒத்திகையிலேயே கிழிந்துவிடும்.