ஐம்பது வயதுக்கு மேல் ஓர் ஓவியர் கதை எழுத வரலாமா?

கேள்வி கேட்டவர் இருபத்தைந்து வருஷம் படம் வரைந்திருக்கிறார். இப்போது கதை எழுத ஆசை வந்திருக்கிறது. "வரைந்த கைக்கு எழுத்து வசப்படுமா? இத்தனை வருஷம் வரைந்தது வீணாகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறார். படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அப்படி வந்தவன்தான்.

என் ஊர் கோவில்பட்டி. கடலைமிட்டாய், தீப்பெட்டி என்றுதான் வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அது படத்துக்கும் கதைக்குமான ஊர். காலண்டர் ஓவியர் சி. கொண்டையராஜு சென்னையில் ஓவியம் படித்தவர். நாடகக் கம்பெனிக்குப் பின்னணித் திரை வரைந்துகொண்டே வந்து, எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் பூஜை அறைச் சாமியாகவே ஆகிவிட்டார்கள். கதையை எடுத்துக்கொண்டால், பக்கத்திலிருக்கும் இடைசெவல் என்ற ஒரே கிராமத்திலிருந்து கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் வந்தார்கள். அப்புறம் பூமணி, சோ. தர்மன். நாலு பேருக்கும் சாகித்ய அகாதெமி விருது. 1970, 1991, 2014, 2019. ஒரு சின்னக் கரிசல் வட்டாரத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதும் நினைத்து நினைத்துப் பார்ப்பேன்.

1978-ல் பதினேழு வயதில் ஒரு சைன்போர்டு பட்டறையில் சேர்ந்தேன். கொண்டையராஜு இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் வரைவதை நான் பார்க்கவில்லை, என் ஆசான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். முதல் வருஷம் முழுக்க எனக்குப் பிரஷ் கழுவுவதும், தகரத்தைத் தேய்த்து அடிவண்ணம் பூசுவதும்தான் வேலை. அடுத்து நூல் அடிக்கக் கற்றுக்கொண்டேன். நீலப்பொடி தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் எழுத்து. தமிழ் எழுத்தைப் பலகையில் அடக்குவது லேசான காரியமில்லை. கொம்புக்கும் காலுக்கும் இடம் விட வேண்டும், 'கி'யின் விலங்கு மேல்வரியில் முட்டக் கூடாது. இடைவெளியை அளவுகோல் வைத்துப் பிரித்தால் பார்க்க நன்றாக இருக்காது, கண்ணால்தான் பிரிக்க வேண்டும். முகம் வரைய விட்டது ஐந்தாவது வருஷம்.

"கண்ணை முதல்ல எழுதாதடா. எழுதிட்டா அது உன்னையே பாக்கும், நீ பயந்துருவ. மத்ததெல்லாம் முடிச்சிட்டு வா" என்பார் ஆசான்.

எண்பதுகளின் நடுவில் தனியாகப் பட்டறை போட்டேன். கடைப்பலகை, கட்சிச் சின்னம், லாரிக்குப் பின்னால் மயில், சினிமா பேனர் என்று எல்லாம் வரும். கூடுதலாக வந்தது இறந்தவர்களின் படம். கண்ணீர் அஞ்சலிப் பலகை, வருஷத் திதிக்கு வீட்டில் மாட்ட ஒரு படம். பெரும்பாலும் ஸ்டாம்ப் அளவில் மங்கிப்போன போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து, "இதைப் பெருசா எழுதிக் குடுங்க அண்ணாச்சி" என்பார்கள்.

இந்த வேலையைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் எழுத்து எங்கே தொடங்கியது என்று கேட்டால் இங்கேதான் என்று சொல்வேன்.

1994-ல் ஓர் அம்மா வந்தார். பக்கத்துக் கிராமம், தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவர். பத்தொன்பது வயது மகன், காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்கென்று தனிப்படம் ஒன்றுகூட இல்லை. ஏதோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில், ஓரத்தில், முன்னால் நிற்பவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிகிறது. வலது கண், மூக்கு, பாதி உதடு. இடது பக்கம் இல்லவே இல்லை.

"மிச்சத்தை நீங்களே எழுதிருங்க தம்பி. என் முகந்தான் அவனுக்கு" என்றார்.

அவரையே எதிரில் ஸ்டூலில் உட்கார வைத்தேன். மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும் கலந்து, துளி பச்சை விட்டு மாநிறம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் பேச ஆரம்பித்தார். அவன் சோற்றைப் பிசைய மாட்டானாம், உருட்டி உருட்டி வைத்துக்கொண்டு கடைசியில் குழம்பு ஊற்றுவானாம். கம்மாய்க்குப் போனால் சட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு வருவானாம். ஒரு தடவை கோபத்தில் விருதுநகர் வரைக்கும் நடந்தே போய்விட்டானாம். இரண்டு நாள் கழித்து வந்து எதுவும் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினானாம். நான் காதைத் திறந்து வைத்துக்கொண்டு, கையால் அவருடைய இடது காதைப் பார்த்து அவனுக்கு ஒரு காது வரைந்தேன். அடுத்த நாள் வந்து பார்த்தவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவனேதான்" என்றார்.

படம் போய்விட்டது. உருட்டி வைத்த சோறு என்னிடமே தங்கிவிட்டது. இரண்டுக்கு ஒன்றரை அடி பலகையில் அதை எங்கே வைப்பது? இப்படி எத்தனை பேர், எத்தனை வீடு. முகத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் மீதியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பதினைந்து இருபது வருஷம் அது உள்ளே சேர்ந்துகொண்டே இருந்தது. எழுத வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை.

2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. இதை நீட்டிப் பேச விருப்பமில்லை, இந்தத் தொழிலில் இருந்த எல்லாருக்கும் நடந்ததுதான். மூன்று நாள் வேலையை மெஷின் அரை மணி நேரத்தில் துப்பியது. சுவர் எழுத்துக்கும் தேர்தல் நேரத்தில் கெடுபிடி வந்துவிட்டது. சில வருஷம் பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள், கோவில் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் என்று ஓட்டினேன். பட்டறையில் பொழுது நிறையக் கிடைத்தது. பக்கத்தில் நூலகம் இருந்தது. சொந்த ஊர் எழுத்தாளர்களையே நாற்பத்தைந்து வயதில்தான் படித்தேன். நான் தினமும் கேட்கிற பேச்சு அச்சில் இருந்தது! அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

2012-ல், ஐம்பத்தொன்றாவது வயதில், அந்தப் பையனைப் பற்றி ஒரு கதை எழுதினேன். பன்னிரண்டு பக்கம். ஊரில் எழுதுகிற நண்பர் ஒருவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் கண்ணுக்குத் தெரியுது அண்ணாச்சி. ஆனா ஒரு ஆளும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்களே."

திரும்பப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். கம்மாய்க்கரை வெயிலுக்கே ஒன்றரைப் பக்கம். சுவரின் காரை உதிர்ந்த இடத்துக்கு ஒரு பத்தி. நான் எழுதவில்லை, பேனாவால் வரைந்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். ஓவியருக்கு எழுத்தில் வருணனை கைகொடுக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் முதலில் காலை வாருவது அதுதான். படத்தில் ஒரு நொடிதான் உண்டு. அந்த நொடிக்குள் எல்லாவற்றையும் நிரப்பியாக வேண்டும், காலி இடம் விட்டால் வேலை முடியாத மாதிரி இருக்கும். கதை அப்படியில்லை, அது நடந்துகொண்டே இருக்கிறது. படிக்கிறவர் கூடவே நடக்கிறார். பத்தடிக்கு ஒரு தரம் அவர் கையைப் பிடித்து நிறுத்தி வெயிலைக் காட்டினால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார். இதைப் பழக எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

ஓவியம் நிஜமாகவே கொடுத்தது வேறு. ஆசான் சொன்ன அந்த "கண்ணை முதல்ல எழுதாதே". நான் எழுதிய முதல் வரியே 'மகனை இழந்த தாய்' என்று தொடங்கியது. அதுதான் கண். அதை முதலிலேயே எழுதிவிட்டேன். அதை எடுத்துக் கடைசிக்குத் தள்ளினேன். சோறு, கம்மாய், விருதுநகர் நடை, மாட்டுக்குத் தண்ணீர், இதெல்லாம் முன்னால் வந்தது. அவன் இல்லை என்பதைக் கதை கடைசிப் பக்கத்தில்தான் சொன்னது. பன்னிரண்டு பக்கம் ஏழானது. எழுத்துக்கு நடுவே இடைவெளியைக் கண்ணால் பிரித்த பழக்கமும் உதவியது என்று நினைக்கிறேன். ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் எவ்வளவு மௌனம் விட வேண்டும் என்பது கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். ரவீந்திரநாத் தாகூர் எதிர்த்திசையில் போனவர். கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய இடங்களை ஒன்றோடொன்று சேர்த்து உருவங்களாக்கி, அறுபதைத் தாண்டிய பிறகுதான் ஓவியத்தில் முழுதாக இறங்கினார். 1930-ல் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்தபோது அவருக்கு வயது அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது. அவருடைய ஒன்றுவிட்ட அண்ணனின் மகனான அவனீந்திரநாத் ஓவியர். "நீ வாயால் கதை சொல்கிற மாதிரியே எழுது" என்று தாகூர்தான் அவரை எழுதத் தூண்டினார். வங்காளக் குழந்தைகள் இன்றைக்கும் அவருடைய கதைகளைப் படிக்கிறார்கள்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானவர், தாகூரின் கல்விக்கூடமான சாந்திநிகேதனின் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி. சின்ன வயதிலிருந்தே கண் மங்கல். அப்படியிருந்தும் அங்குள்ள ஹிந்தி பவனில் இடைக்காலப் பக்தர்களை மூன்று சுவர்களிலும் பெரிய சுவரோவியமாக எழுதினார். 1950-களில் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வை அடியோடு போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினார், களிமண்ணில் உருட்டினார், வங்காள மொழியில் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972-ல் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். அதில் அவர் விரலால் காகிதத்தைத் தடவிப் பார்க்கும் நிதானத்தைப் பார்த்தபோது, ஃப்ளெக்ஸ் வந்துவிட்டதே என்று நான் புலம்பியதெல்லாம் அடங்கிவிட்டது.

வரைவதை விட்டுவிட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். கதையில் வருகிற வீட்டை நான் இப்போதும் முதலில் தரைப்படமாகப் போட்டுக்கொள்வேன். அடுப்படி எங்கே, வாசல் எந்தத் திசை, தொழுவத்திலிருந்து கூப்பிட்டால் திண்ணைக்குக் கேட்குமா? இது தெரிந்துவிட்டால் ஆட்கள் தானாகவே நடமாட ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டு வரைபடம் கதைக்குள் வராது, என் நோட்டிலேயே இருக்கும். அப்புறம், எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணை நம்பியே பழகியவர்களுக்குக் காது கொஞ்சம் பின்தங்கிவிடும், அதை வேலை வாங்க வேண்டும். முதல் கதையை உங்களுக்குத் தெரிந்த ஒரு முகத்திலிருந்து தொடங்குங்கள். வரைந்த முகமாக இருந்தால் இன்னும் நல்லது.

என் கதை 2014-ல் ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. பிரதியை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். இருபது வருஷத்துக்குப் பிறகு போகிறேன். நான் வரைந்த படம் உள்வீட்டுச் சுவரில் அப்படியே இருந்தது, மாலைக்கயிறு உரசி ஓரத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்திருந்தது. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பத்தாவது படிக்கிற பேத்தி சத்தமாக வாசித்தாள். நான் திண்ணைத் தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்படி ஒரு படபடப்பு வாழ்க்கையில் வந்ததில்லை.

முடிந்ததும் கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை. அப்புறம், "எல்லாம் சரி தம்பி. கடுக்கனை எழுதலையே" என்றார்.

"எந்தக் கடுக்கன் அக்கா?"

"இடது காதுல ஒத்தைக் கடுக்கன் போட்டிருந்தான். குலசாமிக்கு நேந்து போட்டது."

இடது காது. நான் அம்மாவைப் பார்த்து வரைந்த காது. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, படம் எழுதும்போது?" என்றேன்.

"அன்னைக்குப் படத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்துச்சு. இவ வாசிக்கையிலதான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்ன டப்பாவில் மஞ்சள் எனாமலும், பட்டறையிலேயே மெல்லிசான பிரஷும் எடுத்துக்கொண்டு போனேன். பேத்தி படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா பக்கத்தில் வந்து, எந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு மஞ்சள் பொட்டு, அதன் மேல் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளை. காயும் வரைக்கும் மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.