தொழில் என்றொரு கட்டம்

வணக்கம் ஐயா. கோவிட் நேரத்தில் சுங்கை சிப்புட்டில் அரிசிப் பை கொடுத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கடைவீதி மாடி அறைகளில் 'தொழில்' செய்யும் பெண்களுக்கும் கொடுத்தீர்களாம். தோட்டத்திலும் ஆலையிலும் நல்ல குடும்பங்களே திண்டாடியபோது இது தேவையா? அவர்களுக்கும்தான் அரசாங்கம் 800 வெள்ளி கொடுத்ததே.
– வாசகர், ஈப்போ

அன்புள்ள நண்பருக்கு,

800 வெள்ளியிலிருந்தே வருகிறேன். 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் எல்லாம் அடைபட்டது. மாதம் 2,000 வெள்ளிக்குள் சம்பாதிக்கும் தனியாட்களுக்கு அந்தப் பணம், ஆனால் குடிமக்களுக்கு மட்டும். அந்த அறைகளில் இரண்டு பேரிடம் இருந்தது சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை. தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட கதை, நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன!

ஆலை வேலை போனவர் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் மனுப் போடலாம். இவர்கள் எங்கே போவது? பாலியல் தொழிலுக்கு ஆள் கூப்பிட்டாலே தண்டனைச் சட்டத்தின் 372பி பிரிவு, ஓராண்டு வரை சிறை. தொழிலைச் சொல்லி எந்தக் கவுண்டரில் நிற்பார்கள்? (மாடிப்படி ஏறியவர்கள் எந்த நல்ல குடும்பம் என்று நான் விசாரிக்கவில்லை.)

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அடித்த படிவத்தில் பெயர், குடும்பத் தலைவர், தொழில் என்று கட்டங்கள். ஒரு பெண்மணி மூன்றாவது கட்டத்தில் பேனாவை ஊன்றியபடி நின்றார். "இதுல என்னண்ணே போடறது?"

"எதையாவது போடுங்கம்மா."

'பால் வெட்டு' என்று எழுதினார். அவருடைய அம்மா ரப்பர் தோட்டத்தில் செய்த வேலையாம். அந்தத் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

இந்தியாவில் இதற்கு உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. பாலியல் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டை கேட்காமல் உணவுப்பொருள் கொடுங்கள் என்று 2020 செப்டம்பரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எங்களுக்கு அந்த அம்மாவின் பேனா போதுமாக இருந்தது. மறுவாரம் குடும்பத் தலைவர், தொழில் என்ற இரண்டு கட்டங்களையும் எடுத்துவிட்டோம்.

அப்புறம்தான் அதுவரை வராத மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பையைத் தொடாமல், "இந்த லிஸ்ட்டு போலீசுக்குப் போகாதுல்ல?" என்று கேட்டார்.

பெயரையும் எழுதாமல் கொடுத்தேன்.