முதியோர் இல்லத்தில் நீரிழிவுள்ளவர்களின் பாதங்கள்

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். எங்களிடம் 9 பேருக்கு நீரிழிவு. அண்மையில் ஓர் ஆச்சியின் கால் சின்னவிரல் கறுத்து, அதை அகற்ற வேண்டியதாயிற்று. நோகிறது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மற்றவர்களுக்கும் இப்படி நேராமல் எப்படிக் காப்பது?

பதில்: ஆச்சி நோவை மறைத்தார் என்று எண்ண வேண்டாம், அவருக்கு அது தெரிந்தே இருக்காது. இரத்தத்தில் சீனி நீண்டகாலம் கூடியிருந்தால் பாதத்து நரம்புகள் உணர்விழந்து, இரத்தக் குழாய்களும் ஒடுங்குகின்றன. ஆகவே செருப்புக்குள் அகப்பட்ட கிரவல் கல் நாள் முழுவதும் அழுத்தினாலும் தெரியாது, அதனால் வந்த புண்ணும் எளிதில் ஆறாது. எனவே "கால் நோகுதா?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், பாதத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மாலையில் கால் கழுவும் நேரம் இதற்கு மிகவும் வசதியானது. சுடுநீர் கலந்தால் அவருடைய காலால் அல்ல, உங்கள் முழங்கையால் சூடு பாருங்கள், காலை ஊறவிடாதீர்கள். விரலிடுக்கு ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, உள்ளங்கால், குதி, விரலிடுக்கு எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளமும் வெடிப்பும் கண்ணில் படும். பலர் தவறவிடுவது, தடித்த தோலுக்கு அடியில் தெரியும் கருஞ்சிவப்புப் புள்ளியைத்தான். உள்ளே புண் தொடங்கியிருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். வரண்ட குதிக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம், விரலிடுக்கில் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவுவதையும், அதற்கென விற்கும் பிளாஸ்டர் ஒட்டுவதையும் அறவே தவிருங்கள்.

விரலிடையில் வார் உள்ள இறப்பர் செருப்பு உராய்ந்து புண்ணாக்கும். காலிலிருந்து கழன்றாலும் உணர்விழந்தவருக்குத் தெரியாது. முன்பக்கம் அகன்று, குதிக்குப் பின்னால் வார் உள்ளதை வாங்கி, வீட்டினுள்ளும் அணிவியுங்கள். அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அழைத்துச் செல்வதானால் பகற் சுடுமணலில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். நேர்த்திக்கடன் என்று செருப்பை மறுப்பவரை, வெயில் தாழ்ந்தபின் தடித்த காலுறையோடு கூட்டிச் செல்லலாம். போரில் ஒரு காலை இழந்தவர் உங்கள் இல்லத்தில் இருந்தால், உடற்பாரம் முழுவதையும் தாங்கும் மற்றக் காலை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

தோல் சிறிதளவு உடைந்தாலும், நிறம் மாறினாலும், மஞ்சளோ பச்சிலையோ வைத்துக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சுட்டாலும் அப்படித்தான். உள்ளே எலும்பு சிதைந்துகொண்டிருக்கலாம் என்பதால் அவரை நடக்கவிடக் கூடாது. ஒன்பது பேருக்கும் வருடத்தில் ஒரு தடவையாவது நைலோன் இழையால் பாத உணர்வைச் சோதிக்கும்படி கிளினிக்கில் கேளுங்கள்.

விரல் இழந்த ஆச்சியை, காயம் ஆறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பாதப் புண் ஆறியவர்களில் 100க்கு ஏறத்தாழ 40 பேருக்கு ஒரு வருடத்துக்குள் மீண்டும் புண் வருகிறது. மாலைதோறும் முதலில் அவருடைய இரு பாதங்களையும் பாருங்கள்.