ஃபாக் சர்வர் மாற்றும்போது பழைய இமேஜ்களை என்ன செய்வது? கேள்வி பதில்

கல்லூரி, பள்ளி லேப்களில் கோடை விடுமுறையில்தான் சர்வர் மாற்றக் கை வைப்பார்கள். ஃபாக் என்பது ஒரு கணினியின் டிஸ்கை அப்படியே பிரதி எடுத்து (அதுதான் இமேஜ்), நெட்வொர்க் வழியாக மற்ற கணினிகளில் இறக்கும் மென்பொருள். அந்த சர்வரில் சேர்த்து வைத்த இமேஜ்களைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோவது பற்றி நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

கீழக்கரை, கல்லூரி லேப் உதவியாளர்: காக்கா, இமேஜஸ் ஃபோல்டரை முழுசாகக் காப்பி பண்ணிவிட்டேன். புது சர்வரின் வெப் பக்கத்தில் ஒரு இமேஜ்கூடக் காட்டவில்லையே?

பயப்படாதீர்கள் தம்பி, எதுவும் தொலையவில்லை. ஃபாக் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்துப் பட்டியல் போடாது. டேட்டாபேஸில் உள்ள பதிவை மட்டுமே பார்க்கும். பழைய சர்வரின் இமேஜ் பக்கத்தில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் பட்டியல் அடங்கிய ஒரு சி.எஸ்.வி. ஃபைல் வரும். அதைப் புதியதில் இம்போர்ட் செய்யுங்கள். அப்புறம் ஒவ்வொரு பதிவையும் திறந்து, இமேஜ் பாத் என்ற இடத்தில் இருப்பதும் ஃபோல்டரின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று பாருங்கள். லினக்ஸுக்கு ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. இமேஜ் டைப்பும் பழையபடியே இருக்க வேண்டும்.

இன்னொன்று, பலரும் கோட்டை விடுவது: ஃபோல்டரின் உரிமையாளர். காப்பி செய்ததில் அது வேறு பயனர் பெயருக்கு மாறியிருக்கலாம். இமேஜை இறக்கும்போது தெரியாது. புதிதாக ஒன்றை எடுக்கும்போது, நூறு சதவீதம் ஓடி முடித்து, கடைசி நொடியில் தோற்கும். காரணம் இதுதான்: எடுக்கிற இமேஜ் முதலில் 'டெவ்' என்ற உள் ஃபோல்டரில் சேர்கிறது. முடிந்த பிறகு எஃப்.டி.பி. என்ற ஃபைல் பரிமாற்ற முறை வழியாக அதன் சொந்த இடத்துக்கு நகர்த்தப்படுகிறது. அந்த நகர்த்தலுக்கு உரிமை இல்லை என்றால் அரை மணி நேர வேலை வீண். இப்போதைய ஃபாக் 'ஃபாக்ப்ராஜெக்ட்' என்ற பயனரை வைத்திருக்கிறது. எல்லா இமேஜ் ஃபோல்டரையும் அதன் பெயருக்கு மாற்றுங்கள்.

தொண்டி, பள்ளி ஆசிரியை: வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்தால் பெரிய ஃபைல் மட்டும் ஏற மறுக்கிறது, சார்.

டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருக்கும், டீச்சர். அதில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. விண்டோஸ் பார்ட்டிஷன் இமேஜ் அதற்கு மேல்தான் வரும். லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 வடிவுக்கு மாற்றிக்கொண்டு காப்பி செய்யுங்கள்.

பாம்பன்: அண்ணே, நெட்வொர்க் வழியாக 400 ஜி.பி. அனுப்புகிறேன். இரவு முழுக்க ஓடியும் முடியவில்லை.

லிங்க் 100 எம்.பி.பி.எஸ்.ஸில் நிற்கிறது என்று நினைக்கிறேன். அந்த வேகத்தில் நொடிக்கு 11, 12 எம்.பி. மட்டுமே போகும், 400 ஜி.பி.க்கு கிட்டத்தட்ட 10 மணி நேரம் ஆகும். ஜிகாபிட்டில் இது ஒரு மணி நேரச் சொச்ச வேலை. 'ஈத்டூல்' என்ற லினக்ஸ் கட்டளையைக் கொடுத்து வேகத்தைப் பாருங்கள். 100 என்று காட்டினால் கேபிளைக் கழற்றி ஆர்.ஜே.45 முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உப்புக் காற்று அடிக்கிற அறைகளில் அந்தப் பொன்னிறப் பின்கள் மங்கி, ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒரு ஜோடி சரியாகத் தொடாவிட்டாலே வேகம் 100க்கு இறங்கிவிடும். முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். சர்வரைக் கடல் பக்கத்து ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர 'ஆர்சிங்க்' என்ற காப்பி கட்டளையைப் பயன்படுத்துங்கள், 'பார்ஷியல்' ஆப்ஷனோடு. அதிலுள்ள சுருக்கும் ஆப்ஷன் வேண்டாம். இமேஜ்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை.

ராமேஸ்வரம்: புது டிஸ்கை இமேஜஸ் ஃபோல்டரில் மவுண்ட் செய்ததும் (இணைத்ததும்) எல்லா வேலையும் பிழை காட்டி நிற்கிறது.

அந்த ஃபோல்டரிலும் 'டெவ்' உள்ளேயும் புள்ளியில் தொடங்கும் 'எம்.என்.டி.செக்' என்ற மறைவு ஃபைல் இருக்க வேண்டும். மவுண்ட் சரியா என்று ஃபாக் அதை வைத்துத்தான் பார்க்கிறது. இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டுங்கள், வந்துவிடும்.

மண்டபம்: கணினிப் பட்டியலோடு டேட்டாபேஸையே முழுதாகக் கொண்டுபோகலாமா?

தாராளமாக. ஆனால் ஐ.பி. மாறினால் பழைய ஐ.பி. உள்ளேயே தங்கிவிடும். ஃபாக் வெப் பக்கத்தில், இமேஜ் இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஸ்டோரேஜ் நோடிலும், செட்டிங்ஸில் டி.எஃப்.டி.பி. ஹோஸ்ட் (பூட் ஃபைல் தரும் சர்வர்), வெப் ஹோஸ்ட் இரண்டிலும் திருத்துங்கள். கணினிகளுக்கு ஐ.பி. கொடுக்கும் டி.எச்.சி.பி.யில், பூட் சர்வரைச் சொல்லும் ஆப்ஷன் 66ம் புது முகவரிக்கு மாற வேண்டும்.

தேவிபட்டினம்: குளோன்சில்லா என்ற வேறு மென்பொருளில் எடுத்த இமேஜை ஃபாக் சர்வரில் போட்டால் ஓடுமா?

ஓடாது. இரண்டும் பார்ட்குளோன் என்ற பிரதி எடுக்கும் கருவியைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் ஃபைல் அமைப்பு வேறு. ஒரு கணினியில் குளோன்சில்லாவால் இறக்கி, அதையே ஃபாக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏர்வாடி: பழைய சர்வரை எப்போது அழிக்கலாம்?

ஒவ்வொரு இமேஜையும் ஒரு கணினியிலாவது இறக்கி, விண்டோஸ் திறந்து லாகின் ஆகும்வரை பார்த்த பிறகு. ஒரு சின்ன இமேஜைப் புதிதாக எடுத்தும் பாருங்கள். அதுவரை பழையதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றியே வையுங்கள். அதிலும் டி.எச்.சி.பி. ஓடினால் பாதிக் கணினிகள் அங்கே போய் பூட் ஆகும்.